எடிட்டருக்கு ஒத்தப் பைசா குடுத்துறாத மருமவனே

குடுக்காத மருமவனே. எடிட்டருக்கு ஒத்தப் பைசா குடுத்துறாத. அதக் கேக்கதுக்குத்தான மெட்ராஸ்ல இருந்து பஸ் ஏறி இம்புட்டுத் தூரம் வந்திருக்கே? மாமன் வாயால 'வேண்டாம்'னு ஒரு சொல்லு வந்துட்டா நிம்மதியாத் திரும்பிப் போகலாம்னு பாக்கே. சொல்லியாச்சு. வேண்டாம். காப்பியக் குடி, ஆறிப்போகுது.

412 பக்கம். மொத நாவல். ஆபீசு வேலையும் பாத்துக்கிட்டு, ராத்திரி கண்ணு முழிச்சு எழுதிருக்கே. சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரன்தான். 'இதுல இன்னொருத்தன் கை வச்சா அது என் புத்தகமா இருக்காது மாமா'ங்கே பாரு, அது ரொம்பச் சரி. இப்ப அதுல கெடக்கப்பட்ட தப்பு அம்புட்டும் ஒன் தப்பு. சுயசம்பாத்தியம். அதுல அடுத்தவன் பங்குக்கு வரலாமா?

மத்த செலவெல்லாம் முறையாத்தான் பண்ணிருக்கே. அட்டைக்கு ஓவியர். பின்னட்டைக்குன்னு தனியா போட்டோ, அதுல நீ வானத்தப் பாத்துக்கிட்டு நிக்கே. ஐஎஸ்பிஎன் நம்பர் வாங்கித் தாரேன்னு ஒருத்தன் வந்திருக்கான், அவன் கேட்ட காச எண்ணி வச்சிருக்கே. அந்த நம்பர அரசாங்கம் சும்மா குடுக்குது மருமவனே. ராஜா ராம்மோகன் ராய் பேர்ல டெல்லியில ஒரு முகமை இருக்கு. ஆன்லைன்ல விண்ணப்பம் போட்டா பைசாச் செலவு கெடையாது, எழுதுதவனே போட்டுக்கிடலாம். சும்மா கெடைக்கதுக்குக் காசு குடுத்துட்டு, காசு குடுத்தாத்தான் கெடைக்கும்கதச் சும்மா கேட்டுக்கிட்டு வந்து நிக்கே பாரு, அங்கனதான் நீ எங்க அக்கா மகன்கதே எனக்கு உறுதியாச்சு.

வெளியீட்டு விழாவுக்கு ஏசி மண்டபம். ஃப்ளெக்ஸ். வாரவுகளுக்குப் பொன்னாடை. வீடியோ. முடிஞ்ச பெறவு பிரியாணி. பந்தல்காரனுக்கும் மேளக்காரனுக்கும் அள்ளிக் குடுத்துட்டு, சமையல்காரன்கிட்ட மட்டும் 'எங்க வீட்டுலயே நல்லாப் பொங்குவாகளே'ன்னு பேரம் பேசுத கல்யாண வீட்ட இப்பத்தான் பாக்கேன்.

சரி, நீ அனுப்புனத வாசிச்சேன். நெசமாவே வாசிச்சேன், ஏன் முழிக்கே? கோவில்பட்டியில அச்சாபீசுல ப்ரூஃப் பாத்தே கண்ணு போன பெய நானு, காகிதத்தக் கண்டா வாசிக்காம இருக்க முடியாது. 31ஆம் பக்கத்துல ஒன் கதாநாயகன் தீபாவளி ராத்திரி கம்மாக்கரை மேல தனியா நடக்கான். பாலாக் காயுது நெலா. தீபாவளி அமாவாசைய ஒட்டித்தான் வரும்கது இங்கன சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் நாவல் எழுதுதவனுக்கு ஒரு சலுகை இருக்கணும்லா? வானம் என்ன அரசாங்கச் சொத்தா, எத வேணும்னாலும் தொங்கவிடலாம்.

1975. எமர்ஜென்சி. ஒன் கதாநாயகன் சின்னப் பெய, பள்ளிக்கூடத்துல 'எம்.ஜி.ஆர். சத்துணவு' வாங்கித் திங்கான். பள்ளிக்கூடத்துல மதியச் சோறு காமராசர் காலத்துலயே வந்தது, அது வேற. எம்.ஜி.ஆர். முதலமைச்சரா உக்காந்ததே 1977ல. சத்துணவுன்னு அவரு கொண்டுவந்தது 1982ல. அப்பம் ஒன் பெய தட்டத் தூக்கிட்டு ஏழு வருசம் முன்னாடியே வரிசையில வந்து நின்னுருக்கான். பசின்னா அது பசி.

அவன் அத்தை பேரு ஆறாம் அத்தியாயத்துல செண்பகவல்லி. செத்துப்போறா. ஒப்பாரி நல்லாருக்கு, நானே கண்ணத் தொடைச்சேன். பத்தொம்பதாம் அத்தியாயத்துல செண்பகலட்சுமின்னு பேர மாத்திக்கிட்டு வந்து பணியாரம் சுட்டுக் குடுக்கா. ஐப்பசி மாசம் கரிசக்காட்டுல பொம்பளையெல்லாம் வரிசையா நின்னு பருத்தி எடுக்காக. ஐப்பசியில நம்ம பக்கம் வெதைப்பு. வெதைச்ச கையோட வெடிச்ச பருத்தி இந்த ஒலகத்துலயே ஒன் நாவல்லதான் இருக்கு.

இதையெல்லாம் கண்டுபிடிக்க எடிட்டர் எதுக்கு, காசு எதுக்கு? வாசகன் இருக்கான்லா. அவன் ஓசியிலயே கண்டுபிடிப்பான். ஓசியிலயே ஊருக்கும் சொல்லிருவான். ஒன் பேரு போட்டு, பக்க நம்பர் போட்டு.

கிண்டில்லயும் போடப் போறேன்னியே, அது இன்னும் விசேசம். வாங்குததுக்கு முன்னாடி மொதப் பத்து சதவீதம் போல ஓசியா வாசிச்சுப் பாக்கலாம்னு விட்ருக்கான் அமேசான்காரன். 412ல பத்து சதவீதம் 41 பக்கம். நெலா காயுத 31ஆம் பக்கம் அதுக்குள்ளயே வந்துரும். அதத் தாண்டியும் ஒருத்தன் வந்தான்னு வச்சுக்க. மாசச் சந்தா கட்டி வாசிக்கவன் இருக்கான்லா, அன்லிமிடெட்காரன், அவன் ஒன் புத்தகத்த எடுத்தான்கதுக்காக ஒனக்குக் காசு வராது. 2015 ஜூலையில இருந்து கணக்கு மாறிப்போச்சு: எத்தனை பக்கம் வாசிச்சானோ அத்தனை பக்கத்துக்குத்தான் கூலி. அம்பதாம் பக்கத்துல அவன் கொட்டாவி விட்டா மிச்சம் 362 பக்கத்துக்கும் ஒனக்கு நாமம். எடிட்டருக்குக் குடுத்த காசு வீண்காசுங்கவன் இந்தக் கணக்க ஒரு துண்டுச் சீட்டுல போட்டுப் பாத்துட்டு, பெறவு அதையே சொல்லட்டும், ஒத்துக்கிடுதேன்.

அச்சுப் புத்தகத்துல அந்தக் கவலை இல்லன்னு சிரிக்காத. அங்க வேற ஒண்ணு இருக்கு. 1954ல ஒரு சட்டம் போட்ருக்காக. புத்தகம் வெளியிட்ட 30 நாளுக்குள்ள கல்கத்தா தேசிய நூலகத்துக்கு ஒரு பிரதி, மெட்ராஸ் கன்னிமாராவுக்கு ஒண்ணு, பம்பாய்க்கு ஒண்ணு, டெல்லிக்கு ஒண்ணு பதிப்பாளன் அவன் செலவுல அனுப்பியாகணும். நீயே போட்டா நீதான் பதிப்பாளன். கன்னிமாரா 1896ல தொறந்த கட்டடம். அதுக்குள்ள ஒன் செண்பகலட்சுமி பணியாரத்தோட போய் உக்காந்துட்டா பெறவு எந்திரிக்க மாட்டா. பதிப்புரிமை வேற, நீ இருக்க வரைக்கும், அதுக்குப் பெறவும் 60 வருசம். ஒன் பேரப்பிள்ளைகளுக்கு வீடு நெலம் வச்சிட்டுப் போறியோ இல்லையோ, தீபாவளி நெலாவ எழுதி வச்சிட்டுப் போறே.

நாங்க ஈய எழுத்துல கோத்த காலத்துல ஒரு வரியத் திருத்தணும்னா கம்பாசிட்டர் சிமிட்டா எடுத்து ஒவ்வொரு எழுத்தாப் பிடுங்கணும். ஒரு சொல்லு கூடுனா அந்தப் பத்தியே எறங்கி அடுத்த பக்கத்துக்குப் போயிரும். அவரு மொறைக்க மொறைப்புக்குப் பயந்தே எழுத்தாளமாருக நாலு தடவ அடிச்சுத் திருத்திச் சுத்தமாப் படி எடுத்துக் கொண்டாந்து குடுப்பாக. இப்ப ஒனக்குத் திருத்தம் ஓசி. ஒரு பொத்தான். ஓசியா இருக்கதுனாலயே ஒருத்தனும் திருத்த மாட்டேங்கான். திருத்தம் வெலை கூடியிருந்தப்ப கொறச்சலாத் தப்பு வந்துச்சு. எனக்கே இது வெளங்கல, ஒங்க கம்பெனியில யாரும் படிச்சவுக இருந்தாக் கேட்டுச் சொல்லு.

'கம்ப்யூட்டரே திருத்திரும் மாமா'ங்கே. திருத்தும். வாணின்னு ஒண்ணு, நாவின்னு ஒண்ணு, தமிழ்ப் பிழை காட்டுததுக்குன்னே வச்சிருக்காகளாம், நல்ல சமாச்சாரம். ஒத்து விட்ட எடம், ர-ற மாறுன எடம் காட்டும். மொதல்ல அதுல போட்டு எடு, கூச்சப்படாத. 'ஆச்சி தந்தப் பெட்டிய அவன் தொறந்தான்'னு 88ஆம் பக்கத்துல இருக்கு. ஆச்சி குடுத்தது தகரப் பெட்டி. நடுவுல ஒரு ப் போட்டு அத யானைத் தந்தமாக்கிட்டே. அந்த மாதிரி எடத்துல கம்ப்யூட்டர் ஒண்ணும் சொல்லாது, ஏன்னா ரெண்டும் சரியான தமிழ்தான. எது ஒன் ஆச்சி வீட்டுப் பெட்டின்னு தெரிஞ்சவனுக்குத்தான் அது தப்பு. அப்பறம் ஏதோ ஏஐ எந்திரத்துக்கிட்ட நாவலக் குடுத்துக் கருத்துக் கேட்டியாமே, 'அற்புதமான படைப்பு'ன்னு சொல்லிச்சாமே. அதுக்கு நீ சந்தா கட்டுதேலா, பெறவு வேற என்ன சொல்லும்?

பிரண்டுக நாலு பேரு வாசிச்சாகன்னே. வாசிச்சாக. ஒருத்தன் 'செம மச்சி'ன்னான், ஒருத்தன் அட்டை கலரப் பத்திச் சொன்னான். ஒன் வீட்டுக்காரி முழுசா வாசிச்சுட்டு 'அந்த மேனேஜர் நம்ம குமாருதான?'ன்னு கேட்டுருக்கா. அவுக மேல தப்பில்ல. ராத்திரி ஒன்கூட உக்காந்து சாப்பிடணும்கவுக வேற என்ன சொல்லுவாக.

மெட்ராஸ்ல க்ரியா ராமகிருஷ்ணன்னு ஒருத்தர் இருந்தாரு. 1974ல பதிப்பகம் தொடங்குனவரு. 1992ல தற்காலத் தமிழ் அகராதிய மொத மொதலாக் கொண்டாந்தவரு. அதோட மூணாம் பதிப்பு வந்த கையோட, 2020 நவம்பர்ல, கொரோனாவுல போயிட்டாரு. எடிட் பண்ணாம ஒரு புத்தகத்த விடக்கூடாதுன்னு கடேசி வரைக்கும் நின்ன மனுசன். எழுதுனவரோட உக்காந்து வரி வரியாப் பேசுவாராம். அந்தச் செலவ அங்க பதிப்பகம் பாத்துக்கிட்டுச்சு, எழுத்தாளன் பையில கை விடல. இதத்தான் நீ பிடிச்சுக்கிட்டே, 'நல்ல எழுத்தாளன் எவன் எடிட்டிங்குக்குக் காசு குடுத்தான்?'னு. குடுக்கல, சரி. அவன் அட்டைக்கும் குடுக்கல, காகிதத்துக்கும் குடுக்கல. நீ பதிப்பகத்தான் நாற்காலியில உக்காந்துட்டே மருமவனே. லாபம் வந்தா அந்த நாற்காலிக்கு, செலவு மட்டும் எழுத்தாளனுக்கு இல்லன்னா, கொள்ளாம்டே. இன்னொண்ணும் சொல்லுதேன், வெளிய சொல்லாத: தமிழ்ல பெரிய பெரிய பதிப்பகத்துலயே எடிட்டர் நாற்காலி காலியாக் கெடக்கது ஒண்ணும் புதுசில்ல. அதக் காட்டி நீ தப்பிச்சுக்கிடலாம்னு பாத்தா, அவுகளுக்குக் கடைப் பேரு இருக்கு, அது கொஞ்சம் மறைச்சுரும். ஒனக்கு என்ன இருக்கு மறைக்க?

இப்பம் நான் ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாத. காசா ஒனக்குப் பிரச்சினை? வருசத்துக்கு ஒரு போன் மாத்துதே. அட்டை வரைஞ்சவன் நாவல வாசிக்கல. மண்டபத்துக்காரன் வாசிக்க மாட்டான். பொன்னாடை போத்திக்கிடப் போறவரு கார்ல வரும்போது பின்னட்டைய வாசிப்பாரு, அதுக்கும் டிரைவர் பாட்ட நிப்பாட்டணும். நீ இதுவரைக்கும் காசு குடுத்த ஆள்கள்ல ஒருத்தன்கூட ஒன் நாவல வாசிச்சவன் இல்ல, அதனாலதான் அம்புட்டு தாராளமாக் குடுத்திருக்கே. மாமனும் இல்லாத, மச்சானும் இல்லாத ஒரு ஆளு பென்சிலும் கையுமா மொத வரியில இருந்து கடேசி வரி வரைக்கும் வாசிக்கப் போறான்னதும் கை நடுங்குது. அந்த நடுக்கத்துக்கு நீ வச்சிருக்க பேரு பட்ஜெட்.

மூஞ்சியத் தூக்காத. வெத்தலைப் பெட்டிய இங்கிட்டுத் தள்ளு.

குடுக்கதுன்னு முடிவு பண்ணிட்டா (நான் சொல்லல, நீயாப் பண்ணிட்டா) மொதல்ல எதுக்குக் குடுக்கேன்னு தெரிஞ்சு குடு. எடிட்டிங்னு ஒரே பேருல மூணு வேலை நடக்கு. கதை எங்க தொடங்கணும், யாரு எதுக்கு வாரா, எந்த அத்தியாயம் சும்மா உக்காந்திருக்குன்னு பாக்கது ஒண்ணு. வரி வரியா எறங்கிச் செப்பம் பண்ணுதது ஒண்ணு. மெய்ப்புப் பாக்கது கடேசி, அது பக்கம் கட்டுன பெறவு. நம்மாளுக என்ன பண்ணுதாகன்னா, மெய்ப்புக்கு மட்டும் காசக் குடுத்துட்டு 'எடிட் பண்ணியாச்சு'ங்காக. அவரும் எழுவது ஒத்துப் போட்டுக் குடுத்துருவாரு. பெறவு நாலு அத்தியாயத்த நீ தூக்கிப் போடுவே. போட்ட ஒத்தெல்லாம் அதோட போயிரும். சில பேக்கேஜ்காரன் எடிட்டிங் இலவசம்பான், பிழைதிருத்தியில ஒரு தடவ ஓட்டி எடுக்கதுக்கு அவன் வச்சிருக்க பேரு அது.

ஒன் நாவலுக்கு எல்லாத்துக்கும் ஒண்ணாக் குடுக்க வேண்டாம். மொதல்ல முழுசா வாசிச்சு ஒரு அறிக்கை எழுதித் தரச் சொல்லு. அதுக்கு ஆகுத செலவு கொறச்சல்தான், அடி பலமா இருக்கும். அத வச்சு நீயே ஒரு தடவ மாத்தி எழுது. சத்தம் போட்டு வாசி, மூச்சு வாங்குத எடமெல்லாம் வெட்டு. நீ தூத்துப் பெருக்கக்கூடியத அவுக கைக்குக் கொண்டு போனா அந்தக் கூலியும் ஒன் தலையிலதான். வெலை ஆளுக்கு ஆளு மாறும், பக்கத்துக்கு இம்புட்டும்பாக, சொல்லுக்கு இம்புட்டும்பாக. எதுன்னாலும் பத்துப் பக்கம் குடுத்து மாதிரி பாத்துத் தரச் சொல்லு. தாள் வெள்ளையாத் திரும்பி வந்தா வேண்டாம். முழுக்கச் செவந்து, நீ எழுதுனதே தெரியாம வந்தாலும் வேண்டாம். மார்ஜின்ல கேள்வியா எழுதி வந்துச்சுன்னா, 'இவன் ஏன் இங்கன கோவப்படுதான்?'னு எழுதியிருந்துச்சுன்னா, அந்த ஆள விட்றாத. மொத்தக் காசையும் முன்னாடியே குடுக்காத, எத்தனை தடவ பாத்துத் தருவாகங்கத எழுதி வாங்கிக்க.

கரிசப் பேச்சுத் தெரிஞ்ச ஆளாப் பாரு. 'இங்கன'வ 'இங்கே'ன்னு மாத்துதவுகளா இருந்தா மரியாதையா ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துரு. கி.ராஜநாராயணன் 1982லயே கரிசல் வட்டார வழக்குக்கு ஒரு சொல்லகராதி போட்டு வச்சிட்டுப் போயிருக்காரு, சண்டை வந்தா அத மேசையில வை. ஆனா நீயும் ஒழுங்கா இருக்கணும். ஒரு பக்கத்துல 'அம்புட்டு', அடுத்ததுல 'அம்பூட்டு', பெறவு 'அவ்வளவு', மூணையும் ஒரே கெழவி பேசுதா. கோவிலா கோயிலா, கறுப்பா கருப்பா, ரெண்டும் சரிதான், ஆனா ஒண்ணப் பிடிக்கணும். நல்ல எடிட்டரு இதுக்குன்னு ஒரு பட்டியல் போட்டு வச்சுக்கிட்டே வருவாக. கௌசல்யான்னு ஒரு பிள்ளை வருதுலா, பாதி எடத்துல கௌ சரியா அடிச்சிருக்கே, பாதியில கெ-வும் ள-வும் பக்கத்துல பக்கத்துல. கண்ணுக்கு ஒண்ணு போலத்தான் தெரியும். மின்னூல்ல தேடுனா பாதிக் கௌசல்யாவக் காணாது.

தாத்தா பேரு சொல்ல அம்பது பிரதி அடிச்சு சொந்தக்காரங்களுக்குக் குடுக்கப் போறேன்னா இதெல்லாம் எதுக்கு, பேரும் தேதியும் சரியா இருந்தாப் போதும்னு நானே சொல்லிருப்பேன். நீ வெலை போட்டு விக்கப் போறே.

கணக்கும் ஒண்ணு சொல்லிருதேன், நீ கணக்குப் படிச்சவன். 16 பக்கம் ஒரு பாரம். 412 பக்கத்துக்கு 26 பாரம் ஆகும், கடேசியில நாலு பக்கம் வெள்ளை. எட்டயபுரம் ஜமீன்ல தொடங்கி ஊர் வரலாறு சொல்லுதே பாரு, அதுல பாதி போனாலும் கதைக்கு ஒண்ணும் ஆகாது. மேனேஜரத் திட்டுதது ஒரு அத்தியாயம் போதும், மூணு எதுக்கு? கனவு ரெண்டு வருது, ரெண்டையும் எடு. எப்பிடியும் 80 பக்கம் எறங்கும். 332. 21 பாரம். ஐநூறு பிரதிக்கும் அஞ்சு அஞ்சு பாரம் காகிதம் மிச்சம், அச்சுக்கூலி மிச்சம், தபால்ல எடை கொறையும், வெலையும் கொறச்சுப் போடலாம். அந்த மிச்சத்த அப்பிடியே எடிட்டரு கையில குடு. பத்தலன்னா பொன்னாடையில ரெண்டக் கொறை.

எப்பம் பஸ்சு? இருக்கு, நேரம் இருக்கு. கடேசிப் பக்கத்துல நன்றின்னு போட்டு மொதப் பேரா என் பேரப் போட்ருக்கே, வாசிச்சேன், நெஞ்சு நெறஞ்சு போச்சு. இனிசியல் தப்பு. நான் ச., அங்க சு. போட்ருக்கே. அத மட்டும் நீயே மாத்திக்க, அதுக்கும் போய் ஒருத்தருக்குக் காசு குடுத்துக்கிட்டு இருக்காத.